காலை பதினோரு மணியும் பெருங்கணினியும்

ரயில்களில் ஏசி இல்லாத வகுப்புகளுக்குத் தட்கல் முன்பதிவு காலை 11 மணிக்குத் திறக்கிறது. சிதம்பரத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் கைபேசியோடு காத்திருப்பவர்கள் தட்டும் அதே நொடியில் நாடே தட்டுகிறது. அத்தனை பேரும் போய் முட்டுவது, இணைய முன்பதிவுக்கு முன்பே பிறந்த ஒரு மென்பொருளில்.

அதன் பெயர் கான்சர்ட். 1990-களில் ஃபோர்ட்ரானிலும் சி மொழியிலும் எழுதப்பட்டு, வாக்ஸ் வகைக் கணினிகளில் ஓடியது. அது ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் வகைப் பெருங்கணினி அல்ல என்றாலும், இணையத்தோடு இணையும்போது இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே. 2002 ஆகஸ்டில், ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி இணையதளம் கான்சர்ட்டின் முன்னால் வந்து நின்றது.

கவுன்டரில் என்ன நடக்கும்? படிவத்தில் வண்டி எண், தேதி, வகுப்பு எல்லாம் எழுதியிருக்கும். ஊழியர் தட்டுவார், டிக்கெட் வரும். வீட்டிலிருப்பவர் அப்படியில்லை. சோழன் எக்ஸ்பிரஸில் இடம் உண்டா, உழவன் எக்ஸ்பிரஸில் உண்டா, மறுநாள் எப்படி என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பஸ்ஸில் போய்விடுவார். இந்த வெறும் விசாரிப்புதான் பெருங்கணினியைத் திணறடிக்கிறது.

வங்கிகளின் ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் இந்த விசாரிப்புச் சுமை நேரடியாகப் பணச் செலவு. அங்கே பல மென்பொருள்களுக்கு மாதக் கட்டணம் உச்சப் பயன்பாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. தொடர்ச்சியான 4 மணி நேரச் சராசரி எப்போது அதிகமோ, அதுவே அந்த மாதத்தின் அளவு. ஒரு நாள் கூட்டம் மாதம் முழுவதற்கும் விலை வைத்துவிடும். ஜாவா போன்ற வேலைகளுக்கெனக் கட்டணக் கணக்கில் சேராத தனிப் பிராசசர்களை ஐபிஎம் விற்பதும் இதனால்தான்.

எழுத்திலும் தகராறு உண்டு. இணையம் வழங்கும் ஆஸ்கி முறையில் ‘ஏ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எண் 65. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் முறையில் 193. ஒவ்வொரு பெயரும் எல்லையில் மாற்றப்பட்டாக வேண்டும். மெயின்ஃப்ரேம்களின் பழைய நிரல்மொழியான கோபோல் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருப்பது தனிக் கவலை.

ஆனாலும் பழைய இயந்திரத்தைத் தூக்கியெறியச் சொல்வது அவசரம். ஒரே படுக்கையை இருவருக்கு விற்காமல் காப்பது அதுதான். விசாரிப்பை வெளியே உள்ள சர்வர்கள் தாங்கட்டும். பதிவு மட்டும் உள்ளே போகட்டும். 2014-இல் ஐஆர்சிடிசியின் இணைய அடுக்கு புதிதாகக் கட்டப்பட்டபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. கான்சர்ட் அப்போதும் உள்ளேயே இருந்தது.