எழுதுகிறவரா, செய்கிறவரா?

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நம் சங்க நாடக விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாடகாசிரியர் தம் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் 'பிளேரைட்' என்று போட்டிருந்தார். முடிவில் ஜி, எச், டி. எழுதுகிறவர்தானே, 'எழுது' என்னும் 'ரைட்' அல்லவா வரவேண்டும் என்று நானே திருத்திவிட்டேன். ஐந்நூறு பிரதியும் அச்சாகிவிட்டது. மனுஷர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது, அகராதியை எடுத்தேன்.

அவர் போட்டதே சரி. இந்த 'ரைட்'டுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. செய்பவர், கைவினைஞர் என்று பொருள். சக்கரம் செய்பவர் 'வீல்ரைட்', கப்பல் கட்டுபவர் 'ஷிப்ரைட்'. 1903இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதுவே. வேலை என்னும் 'வொர்க்' இதற்கு உடன்பிறப்பு. அதில் உயிருக்குப் பின்னால் நிற்கும் ரகர ஒலி, இதில் முன்னால் வந்துவிட்டது. தசை சதையானதும், ஊர்ப்பக்கம் மதுரையை மருதை என்பதும் இப்படித்தானே!

நான் இரும்பு வியாபாரி. 'ராட் அயர்ன்' கேட், கிரில் என்று தினமும் வாய் சொல்லும். அந்த 'ராட்' என்பது 'வொர்க்'கின் பழைய இறந்தகால வடிவம். அடித்து வேலை செய்த இரும்பு, நம் தேனிரும்பு. (இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மைல்டு ஸ்டீல்தான், அது வேறு கதை.) பொருள் தெரியாமலே எத்தனை வருஷம் விற்றிருக்கிறேன்!

'பிளேரைட்' முதலில் கௌரவப் பட்டமாக வரவில்லை. 1616இல் வெளியான பென் ஜான்சனின் நூல் தொகுதியில் 'பிளேரைட்' என்று ஒருவரை அழைத்துக் கேலி செய்யும் சிறு கவிதைகள் உண்டு. தாம் கவிஞர், அவனோ தச்சன் மாதிரி நாடகத்தை முட்டிச் சேர்ப்பவன் என்ற இளப்பம். இதில் வேடிக்கை, ஜான்சனே இளமையில் செங்கல் அடுக்கியவர். எதிரிகள் அதைச் சொல்லியே அவரைக் குத்தினார்கள். பிறகு கேலி தேய்ந்து, தொழிற்பெயர் நின்றுவிட்டது.

தமிழில் இந்த இளப்பம் கிடையாது. செய்வதால் செய்யுள், கட்டுவதால் யாப்பு. நாடகம் 'இயற்றியவர்' என்கிறோமே, இயற்றுதலும் செய்தல்தான்.

அப்புறம் அந்த நண்பர் வீட்டுக்கே போய் ஒப்புக்கொண்டேன். "விடுங்க நயினார், நாடகம் நல்லா நடந்துச்சில்ல" என்றார்.

ஒன்று மட்டும். மலர்க் குழு இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு 'காப்பிரைட்'டில் கை வைத்துவிட வேண்டாம். அந்த 'ரைட்' வேறு, அது உரிமை.