பக்கத்து நிரை

அக்கரப்பத்தனைக்கும் பேராதனைக்கும் இடைப்பட்ட தூரம் பெரிதன்று. தலவாக்கலையில் புகையிரதம் ஏறினால், அட்டன், நாவலப்பிட்டி வழியாகச் சில மணி நேரத்தில் பேராதனைச் சந்தியை அடைந்துவிடலாம். ஆயினும், தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் வரையுள்ள தூரத்தைப் புகையிரத அட்டவணை கொண்டு அளத்தல் இயலாது.

பேராதனை வளாகத்துக்கு மாணவர் பெருமளவில் வரத் தொடங்கியது 1952இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால், மலையகத்திலே தேயிலை வளர்த்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் தொடக்க வகுப்புக்களோடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஆகவே, எங்கள் மாணவருட் பலர் இன்றும் தத்தம் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகப் படி மிதிக்கும் முதல்வராகவே செல்கின்றனர். வீட்டிலே கேட்டறிவதற்கு எவருமில்லை. தந்தை அறிந்தது பெரட்டுக்களம் ஒன்றே.

இப்பகுதியில் ஆசிரியனாக இருக்கும் நான், விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களைத் தடுமாறச் செய்வது அறிவுக் குறைவன்று. பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். வளாகத்துப் பேச்சோ சிங்களத்தில். மகாபொலப் புலமைப்பரிசில் கைக்கு வரும்வரை உணவுக்கு என்ன வழி? விளங்கவில்லை என்பதை யாரிடம் சொல்வது? இக்கேள்விகளே சிலரை முதலாண்டிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

இஃது எமக்கு மட்டும் உரிய துயரன்று. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். ஊக்கமின்மையே காரணம் எனப் பலரும் கருதினர். ஊரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் அம்மாணவரோடு பழகிப் பார்த்தார். அவர்கள் கடுமையாகவே உழைத்தனர். ஆனால், தனித்தே உழைத்தனர். சீன வமிசத்து மாணவரோ கூடியிருந்து படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். டிரைஸ்மன் கூட்டுப் பயிற்சி வகுப்புக்களை அமைத்து, எளிய கணக்குக்களையன்றிக் கடினமானவற்றையே கொடுத்தார். தேர்ச்சி உயர்ந்தது.

நம் நாட்டிலோ, மூத்த மாணவர் என்றதும் பகிடிவதையே நினைவுக்கு வருகிறது. அதனைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கொடியவனைத் தண்டிக்கும். துணைவன் ஒருவனைத் தேடித் தருமா? அதனை மாணவர் சங்கங்களே செய்தல் வேண்டும். புதிய மாணவர் ஒருவருக்கு அதே பீடத்து மூத்த மாணவர் ஒருவர், வாரத்தில் ஒரு மாலை, ஓராண்டுக் காலம். இவ்வளவே போதும். இதனால் எம்மவர் தனிக்கூட்டமாக ஒதுங்கிவிடுவர் எனச் சிலர் அஞ்சலாம். கால் ஊன்றி நின்றவனே அயலவனையும் நாடிச் செல்வான். மேலும், அம்மூத்தவர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியுமில்லை.

எங்கள் மலைகளில், புதிதாகக் கொழுந்தெடுக்க வருபவளைத் தனியே விடுவதில்லை. கைதேர்ந்த ஒருத்தி பக்கத்து நிரையில் நின்று, எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று காட்டுவாள். அதற்கெனக் கூலி எதுவும் அவள் பெறுவதில்லை. அத்தாய்மாரின் பிள்ளைகள் பேராதனையிலும் அவ்வழக்கத்தைத் தொடர்வார்களாக.