பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு

ஊரும் பாட்டும் – 17

எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று வீட்டார் நினைத்தால், முதலில் ஆள் அனுப்புவது கோடாங்கிக்குத்தான். அவர் கொண்டுவருவது ஓர் உடுக்கை. இடுப்பு ஒடுங்கிய சின்ன மேளம் அது. இருபுறத் தோலையும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றை இடது கை அமுக்க அமுக்க, வலது கை போடும் ஒவ்வோர் அடிக்கும் குரல் மாறும். கயிறு தளர்ந்தால் விம்மும், இறுகினால் கேவும். கோடாங்கி குலசாமியை முதலில் பாடுவார். பிறகு ஊர் எல்லையில் நிற்கும் காவல் சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். தாளம் ஏற ஏற, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலை மெல்லச் சுழலத் தொடங்கும். கூந்தல் அவிழும். அப்போது வரும் கேள்வி: “பேரைச் சொல்லு. ஊரைச் சொல்லு. எங்க வச்சுப் புடிச்ச? உனக்கு என்ன வேணும்?”

பதில் அழுகையாக வரும், ஏச்சாக வரும், சில நேரம் பாட்டாகவே வரும். கிணற்றில் விழுந்தவள், பிரசவத்தில் போனவள், கல்யாணம் நின்றுபோனவள் என்று ஒருத்தி தன் கதையைச் சொல்வாள். கருவாட்டுக் குழம்பு கேட்பாள், கோழி கேட்பாள். கொடுத்த பிறகு உச்சி மயிரைப் பிடுங்கிப் புளிய மரத்தில் ஆணி அடிப்பார்கள். இந்தச் சடங்கு நம் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. பழைய தென்னார்க்காட்டில் பம்பைக்காரர்கள் பாடிப் பேயைப் பேசவைப்பதை இசபெல் நபொகோவ் என்ற மானுடவியல் ஆய்வாளர் 2000-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். அங்கேயும் புளிய மரம்தான், அங்கேயும் ஆணிதான்.

நம் பேய்ப் பாட்டுகளின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம். உயிரோடு இருந்தவரை அவளிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. செத்த பிறகு ஒரு மேளமும் ஒரு பாட்டும் கேட்கின்றன.

சினிமாவும் இதே வழியில்தான் வந்தது. 1949-இல் வந்த ‘மகல்’ இந்திப் படத்தில், ஆளில்லாத மாளிகைக்குள் ஒரு பெண் குரல் கேட்கும். தூரத்திலிருந்து நெருங்கிவரும் அந்த உணர்வுக்காக, மைக்கை விட்டுத் தள்ளி நின்று, பாடிக்கொண்டே நடந்து வந்ததாக லதா மங்கேஷ்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டில் பாடகியின் பெயராக முதலில் அச்சாகியிருந்தது ‘காமினி’. அது படத்தில் வரும் பெண்ணின் பெயர். யார் இந்தக் காமினி என்று நேயர்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

தமிழில் அந்த இடம் ‘யார் நீ?’ படத்துக்கு. 1966. ஜெய்சங்கர், ஜெயலலிதா. ‘வோ கோன் தி?’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். மதன் மோகனின் மெட்டை வேதா இங்கே கொண்டுவர, ‘நானே வருவேன்’ என்று பி. சுசீலா பாடினார். பேயென்று காட்ட அந்தக் குரல் எந்தச் சேட்டையும் செய்வதில்லை. அலறல் கிடையாது, அடித்தொண்டைச் சிரிப்பு கிடையாது. தாலாட்டுக்கு உரிய மென்மையோடு ஒரு பெண் பாடிக்கொண்டு போகிறாள், கேட்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது. இதற்கு மூன்று வருடம் முன்பு, 1963-இல், ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி முற்பிறவி நினைவுக்கு ஒரு பாட்டுத் தந்தார்கள். இந்த இரண்டு பாட்டுகளின் முதல் அடியையும் எடுத்துத்தான் செல்வராகவன் தன் இரண்டு படங்களுக்குப் பெயர் வைத்தார்: 2021-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. அறுபது வருடம் ஆகியும் அந்தச் சொற்களில் குளிர் போகவில்லை.

மேல்நாட்டில் அக்டோபர் 31 ஹாலோவீன். பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைத்து, பிள்ளைகள் பேய் வேடம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்கும் நாள். அன்றைக்கென்றே பாட்டுகள் இருக்கின்றன. 1962-இல் பாபி பிக்கெட் பாடிய ‘மான்ஸ்டர் மாஷ்’ அந்த அக்டோபரிலேயே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகம் முழுக்கத் தெரியும். அந்தப் பேய்கள் விருந்து வைக்கின்றன, வரிசை கட்டி ஆடுகின்றன. யாருடைய பேய், எப்படிச் செத்தது என்று அங்கே கேள்வி இல்லை.

அந்தக் கும்மாளம் நமக்குப் புதிதா என்றால், ஜெயங்கொண்டார் இருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு. முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாட வந்தவர், போர்க்களத்தைப் பேய்களிடம் சமையற்கட்டாக ஒப்படைத்துவிட்டார். கூழ் காய்ச்சும் முன் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. செத்த வீரர்களின் பல்தான் அரிசி. முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது. குத்தும்போது சும்மா குத்துவதில்லை. நம் பெண்கள் நெல் குத்தும்போது பாடும் வள்ளைப்பாட்டை, மன்னன் புகழ் வைத்துப் பேய்கள் பாடுகின்றன. பிறகு பந்தி. குருட்டுப் பேய், ஊமைப் பேய், பிள்ளைத்தாய்ச்சிப் பேய், கனாக் கண்டு உளறும் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் கூழ் வார்க்கச் சொல்லும் பாட்டுகளைப் படித்தால் குடலும் புரட்டும், சிரிப்பும் வரும். இரண்டும் ஒரே மூச்சில் வருவதுதான் கவியின் கைவன்மை. அவருக்கும் பல நூற்றாண்டு முன்னே, தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் தோற்கருவிகளின் நீண்ட வரிசையையும் அதற்குள் வைத்தார். நம் மொழியில் சுடுகாடு அப்போதே கச்சேரி மேடை. பின்னால் 1957-இல் ‘மாயா பஜார்’ கடோத்கஜனுக்குத் திருச்சி லோகநாதன் பாடிய கல்யாணச் சாப்பாட்டுப் பாட்டையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அரக்கன் சாப்பிடுவதைப் பார்த்துப் பயந்த பிள்ளை உண்டா?

‘சந்திரமுகி’ வந்தது 2005-இல். வித்யாசாகர் இசையில் பின்னி கிருஷ்ணகுமாரும் திப்புவும் பாடிய ‘ரா ரா’ முழுக்கத் தெலுங்கு. எழுமலையில் மைக்செட் போடும் நண்பர் ஒருவர் சொன்னார்: “அண்ணே, பொங்கல் சாட்டுன அன்னைக்கு ராத்திரி அந்தப் பாட்டப் போட்டாப் போதும். பொட்டப் புள்ளைக பூராம் முடிய அவுத்து விட்டுட்டு ஆடுதுக. ஒரு வார்த்தை புரியுமாண்ணே? ஆனா ஒரு வார்த்தை பிசகாமப் பாடுதுக.” இதன் மூலப் படமான மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) பார்த்தால், அங்கே நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழ் நாட்டியக்காரி. அவளுக்கான தமிழ் அடிகளை எழுதியவர் வாலி. மலையாளத்துப் பேய் தமிழில் பாடுகிறது, தமிழ்ப் பேய் தெலுங்கில் பாடுகிறது. ஊர்விட்டு ஊர் வந்து, அரண்மனையில் அடைபட்டு, தன் மொழி புரியாத இடத்தில் செத்துப்போனவள் அவள். அவள் பேச்சு நமக்குப் புரியாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டின் நியாயம்.

2011-இல் ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’. சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் ஏமாற்றிக் கொல்லப்பட்டுப் பேயாக வருகிறது. கோடாங்கியின் நான்கு கேள்விகளுக்கும் அந்தப் படம் பதில் சொல்கிறது. பகலில் திருநங்கைகளைக் கேலி பேசிய அதே அரங்கம் அவளுக்காகக் கைதட்டியதை நான் மதிக்கிறேன். அதே படத்தில், நம் தெருப் பிள்ளைகள் விளையாடும் ‘சங்கிலி புங்கிலி’ ஒரு பாட்டாகி, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது.

பயத்துக்கு எதிர்ப்பாட்டும் நம்மிடம் உண்டு. மத்தியானம் கறிச்சோறு கொண்டுபோனால் தூக்குவாளியில் ஒரு அடுப்புக்கரித் துண்டைப் போட்டு அனுப்பும் ஊர் இது. புளிய மரத்தடி, வேப்ப மரத்தடி என்று பிள்ளைகளுக்கு எல்லை கட்டி வைத்திருக்கும் ஊர். அந்தப் பிள்ளைகளுக்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது ‘சின்னப்பயலே’. மரத்தில் பேய் ஆடுகிறது என்று சொல்லி உன் வீரத்தை முளையிலேயே கிள்ளுவார்கள், நம்பாதே என்று அதில் சொன்னார். ஜி. ராமநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடி, ‘அரசிளங்குமரி’ 1961-இல் வெளியானபோது கவிஞர் உயிரோடு இல்லை. 1959-இலேயே, 29 வயதில் போய்விட்டார்.

அவர் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மனம் பேதலித்தவரைச் சாட்டையால் அடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் வெந்து செத்தார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எழுமலையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம், போகத்தான் வேண்டும்.

ஆனால் அந்த உடுக்கைப் பாட்டுகள் அழியக் கூடாது. அவற்றில் நம் ஊர்க் கிணறுகளின் பெயர் இருக்கிறது, எந்த ஆவணத்திலும் ஏறாத பெண்களின் சாவு இருக்கிறது. பாடத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் பாட்டுக்காக மட்டும் போய் உட்காருங்கள். சம்மதம் கேட்டுக் கைப்பேசியில் பதியுங்கள், யார் பாடியது, எந்த நாள் என்று குறித்து வையுங்கள். பதிந்ததை எனக்கும் தெரிவித்தால் இந்தத் தொடரிலேயே அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அடுத்த வாரம், விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டம்.