செமினாரில் ஆங்கிலம் பேச... உங்கள் கம்ப்யூட்டரே பயிற்சித் துணை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் சினிமாப் பாட்டு, இரண்டாம் மாதம் கேம்ஸ் என்று ஓடிவிடும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் மூன்றாம் மாதமாவது அதற்கு வேறொரு வேலை கொடுக்கலாம். வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசப் பழகும் வேலை அது. தனியாக சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோசுடன் வரும் வசதிகளும் ஒரு மைக்கும் போதும்.

'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் ஓட்டலில் அறை கேட்கவும், டாக்டரிடம் காய்ச்சலைச் சொல்லவும் கற்றுத் தருகின்றன. கல்லூரியில் தேவைப்படுவது வேறு. செமினாரிலும் வைவாவிலும் ஒரு பொருள் என்னவென்று சொல்ல வேண்டும், ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று வரிசையாக விளக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். கேள்வி புரியாவிட்டால் மரியாதையாகத் திரும்பக் கேட்கவும் தெரிய வேண்டும். பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த எல்லை சிறியது என்பதே பாதித் தைரியம்.

உப்பளத்து வீடுகளிலிருந்து...

எங்கள் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருந்தால் வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பளங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் பலர் இன்று திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆனால் சீட் கிடைத்த பிறகு பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஆங்கில வழியில் சிவில் மூன்றாம் ஆண்டு. அவளுக்குக் கொடுத்த செமினார் தலைப்பு, கடலோரக் கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பது. என்னிடம் தமிழில் பத்து நிமிடம் பேப்பர் பார்க்காமல் விளக்கினாள். உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியின் மேல் உள்ள காப்புப் படலத்தை உடைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. அவள் வீட்டுக் கூரையே அதற்கு உதாரணம். "ஆங்கிலத்தில் சொல்லு" என்றேன். "சால்ட்... ஸ்டீல்... ரஸ்ட்... கிராக்" என்று நான்கு வார்த்தை வந்தது. பிறகு, "அன்னைக்கு லீவ் போட்டுடவா அண்ணா?" என்றாள். செமினாருக்கு இன்டர்னல் மார்க் உண்டு. பாடம் தெரிந்த பெண், தெரியாதவள் என்று மார்க் வாங்கப் போகிறாள். கையில் மூன்று வாரம் இருந்தது.

முதலில் உப்பு, பிறகு கான்கிரீட்

கான்கிரீட்டை ஓரமாக வைத்துவிட்டு, உப்பு எப்படி விளைகிறது என்று சொல்லச் சொன்னேன். பழகும்போது விஷயத்தையும் மொழியையும் ஒன்றாகத் தேடக் கூடாது. விஷயம் கண்ணை மூடினாலும் தெரிவதாக இருக்க வேண்டும்.

உப்பளத்தைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? "தண்ணியப் பாத்தியில கட்டுவாங்க, காய விடுவாங்க, கடைசியில உப்பை வாருவாங்க." யார் கட்டுவார்கள் என்று சொல்வதில்லை, தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குத்தான் பாசிவ் வாய்ஸ். பள்ளியில் இரண்டு மார்க்குக்காகப் படித்து மறந்த அதே பாசிவ் வாய்ஸ்தான். "சீ வாட்டர் இஸ் லெட் இன்டு தி பான்ஸ். இட் இஸ் லெஃப்ட் டு ட்ரை. தி சால்ட் இஸ் ரேக்ட் அவுட்." மூன்று வாக்கியத்தில் செமினார் ஆங்கிலத்தின் முதுகெலும்பு வந்துவிட்டது.

அடுத்து எண்கள். உப்பு நீரின் அடர்த்தியை பாமே டிகிரியில் அளப்பார்கள். கடல் நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 வரை போனால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், அதனால் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். அவள் பதிவு செய்ததை அப்பாவுக்குப் போட்டுக் காட்டி, தமிழில் அர்த்தம் சொன்னாள். அவர், "கடைசித் தண்ணிய வெட்டி வுடறதச் சொல்லலையே" என்றார். மறுநாள் பதிவில் அந்த வாக்கியம் சேர்ந்தது.

பதிவு செய்யுங்கள், கேளுங்கள்

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து 'சவுண்ட் ரெக்கார்டர்' என்று டைப் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் இதன் பெயர் 'வாய்ஸ் ரெக்கார்டர்'. பதிவு பட்டனைக் கிளிக் செய்துவிட்டுப் பேச வேண்டியதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சவுண்ட் ரெக்கார்டர் 60 நொடியில் தானாக நின்றுவிடும். அன்று எல்லோரும் அதைத் திட்டினோம். பயிற்சிக்கு அந்த வரம்பு நல்லது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பதிவு ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, தேதியையே பெயராகக் கொடுங்கள்.

புரோகிராமில் பிழை என்றால் நாங்கள் முதலில் லாக் பைலைத் திறந்து பார்ப்போம். இந்தப் பதிவும் அப்படித்தான். முதல் தடவை கேட்கும்போது இலக்கணம் பார்க்காதீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். இந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் முடிந்ததும் நின்றாள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், நிதானமாக யோசிக்கலாம். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து உடனே வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கினோம்: "வாட்டர் எவாப்பரேட்ஸ்", "ஸ்டீல் கொரோட்ஸ்", "கான்கிரீட் கிராக்ஸ்". தினமும் இருபது ஜோடி. ஒரே வாரத்தில் இடைவெளிகள் குறைந்தது பதிவிலேயே தெரிந்தது.

உச்சரிப்புக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசைக்கு அழுத்தம் கொடுங்கள். எவாப்ப'ரே'ஷன், கான்சன்ட்'ரே'ஷன், பிரிசிப்பி'டே'ஷன். பாடப்புத்தகம் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள்தான், ஒரு விதியில் நூற்றுக்கணக்கில் சரியாகிவிடும். 'அனலைஸ்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாவதற்கு. சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி தளத்தில் சொல்லின் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து கேளுங்கள். வெள்ளைக்காரர் போலப் பேச முயல்வது வேண்டாத வேலை. அழுத்தம் சரியாக இருந்தால் நம் ஊர் ஆங்கிலம் எங்கும் புரியும்.

யாரைக் கேட்டுப் பழகுவது?

ஆங்கிலப் படம் பார்க்கச் சொல்வார்கள். என் சிபாரிசு என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். இதன் பாட வீடியோக்கள் யூடியூபில் இலவசம். பேசுபவர்கள் நம் நாட்டுப் பேராசிரியர்கள், பேசுவதும் உங்கள் பாடம்தான். செட்டிங்ஸில் பிளேபேக் ஸ்பீடை 0.75 ஆக்கி, இரண்டு நிமிடம் அவர் சொல்லச் சொல்லப் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போங்கள். பேராசிரியரும் "ஓகே, ஸோ..." என்று யோசிப்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து, சுமார் 18 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார்கள். அங்கேயும் புத்தக ஆங்கிலம் அல்ல, இதே தயக்கமும் திருத்தமும்தான்.

வாய்ஸ் டைப்பிங்கும் உதவும். நோட்பேடைத் திறந்து விண்டோஸ் கீயுடன் எச் கீயை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும். இன்டர்நெட் வேண்டும். மொழியை இங்கிலீஷ் (இந்தியா) என்று வையுங்கள். அது தப்பாக எழுதினால் தவறு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பேசும் ஏ.ஐ. சாப்ட்வேர்களும் இப்போது நிறைய உள்ளன. எதைச் சொன்னாலும் பாராட்டும் குணம் அவற்றுக்கு உண்டு, பாராட்டை மட்டும் நம்பாதீர்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மைக் வைத்த ஹெட்போன் வாங்குங்கள். மைக் வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் காற்றுச் சத்தம் பதியாது. கடலோரத்தில் இருப்பவர்கள் ஹெட்போனை வேலை முடிந்ததும் கழற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். கான்கிரீட் கம்பியை விடாத உப்புக் காற்று ஜாக்கை மட்டும் விடுமா?

கேள்வி நேரம்

மூன்றாம் வாரம் முழுக்கக் கேள்வி பதில்தான். அவள் அம்மாவும் தம்பியும் தமிழில் கேட்பார்கள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்திலும் வரும்படி பழக்கினோம். "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின், சார்?" என்பது ஒன்று. "ஐ ஆம் நாட் ஷ்யூர், பட் ஐ திங்க்..." என்பது மற்றொன்று.

செமினாரில் எட்டு நிமிடம் பேசினாள். நடுவில் ஒரு ஸ்லைடைத் தாண்டிவிட்டாள், யாரும் கவனிக்கவில்லையாம். கடல் மணலை ஏன் கான்கிரீட்டுக்கு அப்படியே பயன்படுத்துவதில்லை என்று ஆசிரியர் கேட்க, முதல் வாக்கியத்தைச் சொல்லி ஒரு மூச்சு நேரம் வாங்கிக்கொண்டு, மணலோடு குளோரைடும் வந்துவிடும் என்று பதில் சொன்னாளாம். அடுத்த வருடம் புராஜக்ட் ரிவியூ வருகிறது, அதில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இப்போது பதிவை மூன்று நிமிடமாக நீட்டியிருக்கிறாள்.