விரிவாக்க அட்டையும் வேகத்தின் வரம்பும்

1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையில் எத்துணை ஆற்றல்மிக்க இயந்திரம் பூட்டப்பெறினும், வண்டியின் வேகத்தைத் தெமோதரை வளைவுகளே நிர்ணயிக்கின்றன. பழைய மடிகணினியில் செருகப்படும் விரிவாக்க அட்டையின் நிலையும் இத்தகையதே.

யூ.எஸ்.பி. 3.0 அட்டைக்குச் செக்கனுக்கு 5 கிகாபிட் வேகம் என விளம்பரம் கூறும். ஆயின் பழைய எக்ஸ்பிரஸ்கார்ட் துளையின் பின்னால் இருப்பது 2.5 கிகாபிட்டுக்குரிய ஒற்றைத் தடமாகும். அதிலும் 8 பிட் தரவு 10 பிட்டாகக் குறியேற்றப்படுவதால், செக்கனுக்கு 250 மெகாபைட்டே எஞ்சும். அதனினும் பழைய கார்ட்பஸ் துளையின் உச்சவரம்பு 133 மெகாபைட். அதனையும் கணினியின் ஏனைய உறுப்புகள் பகிர்ந்துகொள்வதுண்டு. எனவே வேகம் அட்டையின் தனிக்குணமன்று. முழுப் பாதையாலும் தீர்மானிக்கப்படுவது.

பிறர் கழித்த கணினிகளைக் கொண்டு, ஊவாத் தோட்டங்களின் தொழிற்சங்கப் பிரசுரங்களையும் முதியோர் பாடல்களையும் எண்ணிமப்படுத்த முனைவோர் இதனை அறிதல் அவசியம். 480 மெகாபிட் வரம்புடைய யூ.எஸ்.பி. 2.0 வழியே 100 கிகாபைட் ஒலிப்பதிவை நகலெடுக்க முக்கால் மணிநேரத்துக்கு மேலாகும். எக்ஸ்பிரஸ்கார்ட் துளை இருப்பின் அட்டை அந்நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும். வன்தட்டு பழையதாயின் அதுவே அடுத்த தடையாகும். ஆதலால் தொழிலாளர் கூலியைச் செலவிடுமுன் துளையின் வகையையும் தட்டின் நிலையையும் ஆராய்தல் வேண்டும்.

ஆவணப்படுத்தலின் மந்தகதியை மலையக மக்களின் அக்கறைக்குறைவாகக் கருதுவோர், அவர்கள் கைக்கெட்டும் உழைப்புக் கருவிகளின் வரம்பை முதலில் நோக்குவாராக.