பின் ஸீட்டு எஜமானர்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து லஸ் முனைக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். பிரம்மசாரியாக இருந்தபோது கால் மணி நேரத்தில் போய்விடுவேன். இப்போதோ புறப்படவே முக்கால் மணியாகிறது. ஐந்து மாதத்துப் பையன்; எடை ஏழு கிலோ. அவனுக்கான சாமான் அதைவிட அதிகம்! வெந்நீர் பிளாஸ்க், கிலுகிலுப்பை, மாற்றுச் சட்டை, அந்த மாற்றுச் சட்டைக்கும் ஒரு மாற்று. எல்லாவற்றையும் ஏற்றிச் சாவியைத் திருப்பினால், பின்னாலிருந்து 'கம்' மென்று ஒரு வாசனை வரும். மறுபடியும் மாடிக்கு!

கொள்ளுப்பாட்டியைப் பார்க்க ஞாயிறுதோறும் இந்தப் பிரயாணம். வண்டி ஓடினால் பையன் தூங்குவான். சிவப்பு விளக்கில் நின்றால் வீறிடுவான். பக்கத்து ஆட்டோக்காரர் என்னை ஏதோ பிள்ளை பிடிக்கிறவனைப் போலப் பார்ப்பார். ஜப்பானில் ரீகென் ஆராய்ச்சிக்காரர்கள் 2022-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். அழும் சிசுவை ஐந்து நிமிஷம் ஏந்தி நடந்தால் அடங்குகிறதாம். சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடங்குவதில்லையாம். தூளி கட்டிய நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் செலவு மிச்சம்!

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய சண்டை, குழந்தை ஸீட்டைப் பற்றியது.

"என் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது, மாப்பிள்ளை? கன்னுக்குட்டி மாதிரி வாரைப் போட்டுக் கட்டறீங்களே!" என்பார் மாமியார். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிற ஸீட்டு. "பிள்ளை முகத்தையே பார்க்க முடியல்லியே!"

சிசுவுக்கு உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை, கழுத்தோ இளசு. வண்டி மோதினால், பின்நோக்கிய ஸீட்டு முதுகையும் தலையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிளம்புவதைக் கண்டு, 1964-இல் ஸ்வீடன் நாட்டுப் பெர்ட்டில் ஆல்ட்மன் செய்த யோசனை இது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், மடியிலுள்ள ஏழு கிலோ எழுபது கிலோவுக்கு மேலான பாரமாகப் பாயும். எந்தக் கை பிடித்து நிறுத்தும்? 2019-இல் திருத்திய மோட்டார் சட்டப்படி, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை ஸீட்டோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1000 ரூபாய் அபராதம். நாலு வயதுக்குட்பட்டவர்களுக்கு மோட்டார் சைக்கிளிலும் வாரும் ஹெல்மெட்டும் வேண்டுமென்று 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது. (பெட்ரோல் டாங்க் மேல் அமர்ந்து காற்று வாங்குகிற வாண்டுகளுக்கு யார் போய்ச் சொல்வது?)

இத்தனையும் சொன்னேன். மாமியார் அசையவில்லை.

போன மாதம் ஒரு நாள். பையன் ஸீட்டில்; மாமியார் மடியில் முறுக்குத் தூக்கு, இரு கையாலும் அணைத்தபடி. திடீரென்று ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன். மோதவில்லை. ஆனால் தூக்கு பறந்துபோய் முன் ஸீட்டின் முதுகில் இடித்து, மூடி தெறித்து, கார் முழுவதும் முறுக்கு.

யாரும் பேசவில்லை. மாமியார் தம் வெறும் மடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு வாரை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, மாப்பிள்ளை."