சர்க்கரை காட்டும் சுடர்

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் கட்டும். "புண் ஆறினால் தானே வற்றிவிடும், போ!" என்பாள் பாட்டி. பெரும்பாலும் அவள் வாக்குப் பலித்துவிடும். ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமலே பிறந்துவிடும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் விஷயத்தில் பாட்டி சொல்லும் தைரியம் போதாது.

அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில், 1971-ல் டேவிட் என்ற பையன் அப்படித்தான் பிறந்தான். பிறந்த கையோடு அவனைக் கிருமி நுழையாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். பெற்ற தாய்கூடக் கையுறை வழியாகத்தான் அவனைத் தொட முடிந்தது. 1983-ல், அவனுடைய அக்காளின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவன் உடலில் ஏற்றினார்கள். அதற்குள் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் ஒளிந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சாதுவாக உறங்கிக் கிடப்பதுதான் அது. டேவிட்டின் உடலிலோ அதை அடக்கக் காவல் இல்லை. நாலே மாதத்தில், 1984 பிப்ரவரியில், பையன் போய்விட்டான். அவன் உடலுக்குள் எத்தனையோ இடங்களில் நிணநீர்ப் புற்று முளைத்திருந்தது என்பது, இறந்த பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது!

இப்படி ஒளிந்திருக்கும் புற்றை உயிரோடிருக்கும்போதே தேட இன்று 'பெட் ஸ்கேன்' இருக்கிறது. இதன் தத்துவம் எளிது. புற்று அணுக்களுக்குச் சர்க்கரை என்றால் அகோரப் பசி. ஆகவே, கதிர்வீசும் புளோரின் சேர்த்த சர்க்கரையை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். 1976-ல் பிலடெல்பியாவில் முதன் முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து இது. அதன் கதிர் 110 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சர்க்கரை சேர்ந்த இடங்கள் படத்தில் சுடர் விடும்.

ஊசிக்கு முன்னால் சில மணி நேரம் பட்டினி. பிறகு சுமார் ஒரு மணி நேரம் குழந்தை ஓடாமல் ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் தசைகளே சர்க்கரையைத் தின்றுவிடும். சோதனை குழந்தைக்கா, தாயாருக்கா என்று கேட்காதீர்கள்!

இங்கேதான் ஒரு சிக்கல். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் அதே சர்க்கரையைத்தான் தின்கின்றன. திருடன் கையிலும் லாந்தர், காவல்காரன் கையிலும் லாந்தர்! இந்தக் குழந்தைகளுக்கோ கிருமித் தொல்லை ஓயாது. சுடர் தெரிகிறதே என்று உடனே புற்றுக்கு மருந்து கொடுத்தால், சீழ்க்கட்டிக்கும் கடுமையான விஷ மருந்து கொடுத்ததாகிவிடும். காசக் கட்டிதானே என்று இருந்துவிட்டாலோ, புற்று முற்றிவிடும்.

ஆகையால் டாக்டர்கள், சுடர்விடும் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். எங்கே தேடுவது என்பதைப் படம் சொல்லும். என்ன நோய் என்பதைத் துணுக்கு சொல்லும். புற்றுதான் என்று தெரிந்து சிகிச்சை தொடங்கிய பின், மருந்து பலிக்கிறதா என்று பார்க்க மறுபடியும் படம் உதவும். இன்னொன்று: இக்குழந்தைகளில் சிலருக்குப் பிறவியிலேயே கதிர்வீச்சைத் தாங்கும் சக்தி குறைவு. அவர்களுக்குக் கதிரில்லாத, காந்த சக்தியால் எடுக்கும் படமே நல்லது.

"அத்தனை பெரிய யந்திரம் பார்த்த பிறகும் கத்தி எதற்கு?" என்று எந்தத் தாயாவது கலங்கினால் நீங்கள் சொல்லுங்கள்: விளக்கு வழி காட்டும், ஆளைக் கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.